கபின் வகுப்பின் சூடு

சன்னல் கம்பியில் கட்டிய ஒரு சிவப்புக் கயிறுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கோயிலில் கட்டிய காப்புக் கயிற்றை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து, அதில் வெப்பமானியைத் தொங்கவிட்டவள் என் அத்தை மகள். கையில் பிடித்தால் கைச்சூடு ஏறி அளவு பொய்யாகிவிடுமாம். சாமி கயிற்றை அவிழ்க்கலாமாடி என்று நான் பதறியதற்கு, "சாமிக்கும் தெரியட்டும்லா, எங்க கிளாஸ் எப்படி இருக்குன்னு" என்று சிரித்தாள்.

மலேசியாவில், கோப்பெங் ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட தோட்டத்தை ஒட்டியிருந்தது எங்கள் இடைநிலைப்பள்ளி. மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில், எல்லா வகுப்பும் கலந்த குழுக்களாகப் புவியியல் களப்பணி. பள்ளி வளாகத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் வெப்பம் எப்படி மாறுகிறது என்று அளக்க வேண்டும். மரத்தடி, சிற்றுண்டிச்சாலை, தார் போட்ட சபைகூடல் திடல் என்று அளந்துகொண்டு போனோம். கபினையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். கட்டடத்தில் இடமில்லையென்று புள்ளி குறைந்தவர்களின் கடைசி வகுப்பைச் சரக்குப் பெட்டி போன்ற ஓர் இரும்புக் கபினில் வைத்திருந்தார்கள். அவள் படித்தது அங்கே. நான் கல் கட்டடத்தில், காத்தாடிக்குக் கீழே. அளந்து பார்த்தால், வெயில் காயும் திடலைவிடக் கபினுக்குள் சூடு அதிகம்.

மற்றவற்றோடு ஒட்டாத அளவு கருவியின் பிழை, அதை நீக்கிவிட வேண்டும் என்பது ஆசிரியை எங்களுக்குச் சொல்லித்தந்த முறை. கபினின் அளவைச் சிவப்பு மையால் அடித்தார். "வெயில விட நெழலு சூடா இருக்குமா? தப்பா பார்த்திருப்பீங்க."

"தப்பு இல்ல டீச்சர். நாங்க தெனம் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கோம்," என்றாள் அவள். அடித்தது அடித்ததுதான். அறிக்கைக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

மழையே இல்லாத அந்த ஆண்டின் ஒரு மதியத்தில், கபினுக்குள், அவள் மேசைமேல் சரிந்தாள். தூங்குகிறாள் என்று விட்டுவிட்டார்கள். ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. மறுநாள் இறந்துபோனாள். காலையில் பசியாறாமல் வந்திருப்பாள் என்றார்கள் பள்ளியில். அத்தை இன்றும் யாரைக் கண்டாலும் முதலில் சொல்வது, "நாசி லெமாக் சாப்பிட்டுட்டுத்தான் போனா" என்பதைத்தான். பெற்றவள் தலையிலேயே பழியைக் கட்டிய அந்த வாய்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

அண்மையில் அண்ணன் மகளைச் சேர்க்க அந்தப் பள்ளிக்குப் போனேன். கபின் இன்னும் இருக்கிறது. உள்ளே வகுப்பு இல்லை. வரிசையாகக் கணினிகள், மேலே குளிரூட்டும் ஏர்கோன். நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு காவலர் விளக்கினார்.

"கம்ப்யூட்டருக்கு இந்த சூடு ஆகாதுலா அக்கா. கெட்டுப் போயிரும்."

சன்னல் கம்பிகளுக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். ஒரு கம்பியில் மட்டும் சிறு முடிச்சு புடைத்திருந்தது. அவிழ்க்கச் சோம்பல்பட்டுக் கயிற்றின் மேலேயே பூசிவிட்டிருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.