செசிலி அக்கா மாற்றிய ஜன்னல்கள்

திருவொற்றியூரில் மகள் வீட்டில் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தேசம்மாவிடமிருந்து போன் வந்தது. தேசம்மா மீன் விற்பவர். ராயபுரத்தில் எங்கள் தெருவில், செசிலி அக்கா வீட்டின் கீழ்ப்பகுதியில் இருபது வருடங்களாகக் குடியிருக்கிறார். "அண்ணே, அக்கா போய்ட்ச்சுண்ணே" என்றார். பிறகு, "கஞ்சி குட்ச்சிட்டு, தம்ளர என் கைல குட்த்துட்டு, 'உப்பு பத்தல'ன்னுச்சு. அத்தோட சரி" என்றார்.

கடைசி வார்த்தையும் ஒரு புகார்தான் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அழுகை பஸ்ஸில் வந்தது, டோல்கேட் தாண்டிய பிறகு.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் அடக்கத்தின்போது பேசியவர்கள், "சாந்தமே உருவானவர், யாரையும் கடிந்து பேசாதவர்" என்றெல்லாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது செசிலி அக்கா இல்லை. அந்தத் தவறு அப்படியே நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். அவர் நர்ஸ், நான் எக்ஸ்ரே எடுப்பவன். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் வார்டுக்கு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த கட்டிலைத் தன் உறவினருக்காகக் காலி செய்யச் சொன்னார். அதில் கால் நசுங்கிப் போன ஒரு சுமை தூக்கும் தொழிலாளி படுத்திருந்தார். அக்கா கட்டிலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "நீங்க ஆபீஸ்ல பெரிய ஆளு சார். இங்க படுத்துகினு கீறவன்தான் பெரிய ஆளு." அடுத்த வாரமே அவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தத் தொழிலாளிக்குப் புதுக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் வார்டை விட்டுப் போனார்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு எதிரெதிர் வீட்டுக்காரர்களாகப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவைப் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பகுதியில் சேர்த்தபோது எங்கள் எல்லாருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அக்கா வீட்டு மாடியில் தெருவைப் பார்த்து ஏழு ஜன்னல்கள். ஆளுயரத்துக்கும் மேல், சாய்வான மரப்பட்டைகளை அடுக்கிச் செய்த தேக்குக் கதவுகள். எங்கெங்கிருந்தோ வந்து படம் எடுப்பார்கள். அக்கா மேலேயிருந்து கத்துவார்: "நல்லா எட்த்துக்கோ. அப்டியே உள்ள வந்து தொட்ச்சிட்டும் போ."

துடைத்துத் தீராது. கடல் காற்றில் கீல்கள் துருப்பிடித்து, பட்டைகள் உளுத்து, ஒரு கதவும் முழுதாக மூடாது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் புகை எல்லா இடுக்கு வழியாகவும் உள்ளே வந்தது. ஓய்வு பெற்ற சில வருடங்களில் அக்காவுக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்தது. மூன்று தலையணை இல்லாமல் படுக்க முடியாது என்ற நிலை வந்தது.

ஒரு புயல் மழையில் ஒரு ஜன்னல் கதவு கழன்று தெருவில் விழுந்தது. தேசம்மா ஐஸ் எடுக்க உள்ளே போன நேரம். வாசலில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மீன் கூடை மட்டும் நசுங்கிக் கிடந்தது. மறுவாரம் அக்கா படுக்கையறைக்கு இரண்டு அலுமினிய ஜன்னல்கள் போட்டுவிட்டார். பாரம்பரியப் பகுதியில் எதை மாற்றவும் அனுமதி வேண்டும். கேட்டீர்களா என்று கேட்டேன். "கேட்டுகினு இருந்தா அடுத்தது தேசம்மா தலைலதான் வுயும்" என்றார்.

பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. விசாரணைக்கு என்னையும் துணைக்கு அழைத்தார். விழுந்த கதவை ஆட்டோவில் குறுக்கே வைத்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, எடுத்துப் போனோம். அதிகாரி இளம் பெண், கட்டடக்கலை படித்தவர். அவர் மேசைமேல், காகிதங்களின் மேலேயே, அக்கா கதவை வைத்தார். உளுத்த தூள் கொட்டியது.

"அம்மா, என்ன இது?"

"உங்க பாரம்பரியம். என் வூட்டாண்ட வுயுந்து கெடந்துச்சு. குட்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. "உங்க தெருவுல எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி ஜன்னல்மா. நீங்க ஒருத்தர் அலுமினியம் போட்டா அடுத்தவங்களும் போடுவாங்க. பத்து வருஷத்துல அந்தத் தெருவே இருக்காது" என்றார்.

"தெரு இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன்." அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, உன் ரூமுக்கு இன்னா ஜன்னல் போட்டுகீறாங்க?"

அலுமினியம்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பக்கம் ஒரு வார்த்தை பேசத்தான் என்னை அழைத்துப் போயிருந்தார். எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மாதத்துக்குள் அலுமினியத்தை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நகலில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அக்கா நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'பெற்றுக்கொண்டேன். ஒத்துக்கொள்ளவில்லை.' எழுந்து வரும்போது அந்தப் பெண்ணிடம், "ஒரு மத்தியானம் வந்து என் வூட்ல உக்காரு. லாரி லைன் கட்டி நிக்கிற நேரமா வா" என்றார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து வந்தார். அக்கா கூடத்துப் பழைய ஜன்னலை இழுத்து மூடி, அதன் விளிம்பில் காயத்துக்கு வைக்கும் வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். டீ போட்டுக் கொடுத்து, அந்தப் பெண்ணின் சொந்த ஊர், அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் விசாரித்தார். டீ குடித்து முடிப்பதற்குள் துணியில் சாம்பல் நிறம் ஏறிவிட்டது. அந்தப் பெண் விரலால் தொட்டுப் பார்த்தார். தம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

இதற்கிடையில் வேறொருவர் தெருவுக்குள் வந்தார். மனைகளை வாங்கி அடுக்குமாடி கட்டுபவரின் ஆள். வீடு வீடாக ஒரு மனு எடுத்து வந்தார். "ஒரு ஜன்னல் மாத்தறதுக்குக் கூட அந்த அம்மாவ அலைய விடறாங்க, பாத்தீங்களா? எல்லாரும் சேந்து கேப்போம்" என்றார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். அக்காவுக்காகச் செய்கிறேன் என்றே நினைத்தேன்.

கடைசியாக அக்காவிடம் போனார். அக்கா கண்ணாடி மாட்டிக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்தாராம். "இதுல ஜன்னல்னு ஒரு வார்த்த இல்லியே நைனா. தெருவ லிஸ்ட்லருந்து எடு, வூட்ட இடிக்க வுடுன்னு இல்ல எழுதிகீது?" என்று கேட்டுவிட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தாராம். அது தேசம்மா சொன்னது. அடுத்து நடந்தது எனக்கு நேராகவே தெரியும். மூச்சு வாங்க, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து என் வீட்டு மாடி ஏறி வந்தார்.

"எலும்புல மயிரளவு விரிசல் வுட்டாலும் கண்டுபுடிப்ப. ஒரு பேப்பர படிக்காம கையெழுத்து போட்டுகீற. இன்னா தம்பி?"

"வீடெல்லாம் ஒழுகுதுக்கா. எத்தன நாளு இப்டியே இருக்கறது?" என்றேன்.

"ஜன்னல மாத்தணும்னு சொன்னேன். வூட்ட இடின்னு எப்ப சொன்னேன்? இடிச்சுட்டா தேசம்மா எங்க போவா? எர்ணாவூர்ல ஹவுசிங் போர்டு வூட்ல எட்டாவது மாடிக்குக் கூடைய தூக்கிகினு ஏறுவாளா?"

அவர் முன்னாலேயே உட்கார்ந்து, கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். பாதிப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். இன்று இதைப் படிக்கும் சிலருக்கும் அது நினைவிருக்கும். சர்க்காரோடும் சண்டை, தெருவோடும் சண்டை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த வரிசையில் இடம் காலியாகக் கிடந்தது. "காத்தாட உக்காந்தேன்" என்றார்.

அடுத்த விசாரணையில் அந்தக் கட்டுமானக்காரரின் வக்கீல் அக்காவையே சாட்சியாகக் காட்டிப் பேசினார். மனுஷர் வாழ லாயக்கில்லாத வீடுகள் என்று இந்த மூதாட்டியே சொல்லியிருக்கிறார் என்றார். அக்கா கூப்பிடாமலேயே எழுந்தார். "எனக்குப் பல்லு வலிக்குதுன்னு வந்தேன். பல்ல பாரு. கய்த்த அறுக்காத."

அந்த இளம் அதிகாரி அன்று ஒரு வரைபடம் கொண்டுவந்திருந்தார். வெளியே பழைய அளவிலேயே, பழைய தோற்றத்திலேயே புது மரக் கதவு. உள்ளே ரப்பர் பட்டை வைத்து இறுக்கமாக மூடும் கண்ணாடிக் கதவு. நீண்ட நேரம் பேசினார்கள். தெரு பட்டியலிலேயே இருக்கும், அக்காவின் ஜன்னல்களை இந்த முறைப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அலுமினிய ஜன்னல்கள் இரண்டையும் அக்கா தூக்கிப் போடவில்லை. தெருவிலிருந்து தெரியாத பின்கட்டுச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டார். "உத்தரவு போட்டவங்களுக்கும் மரியாத, எனக்கும் மரியாத" என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாகப் படம், தனித்தனியாகப் பார்வையிடல், தனித்தனியாக ஒப்புதல். அந்த இளம் பெண்ணும் மாற்றலாகிப் போனார். அக்கா இருந்தவரை நான்கு ஜன்னல்கள் முடிந்தன. அந்த நான்கும் இருந்த அறையில் அவர் ஒற்றைத் தலையணையோடு படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கூடத்தில் மிச்சம் மூன்றுக்கும் புகை வராமலிருக்க பிளைவுட் அடித்திருந்தது. அந்த இருட்டுக் கூடத்தில்தான் அவரைக் கிடத்தினார்கள். வந்தவர்கள் மூச்சு முட்டுகிறது என்று வெளியே போய் நின்றார்கள்.

போன வாரம் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. மனுதாரர் காலமாகிவிட்டதால் மீதமுள்ள ஜன்னல்களுக்கான மனு முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. நான் படித்துக் காட்டியதும் தேசம்மா மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார். "அக்காதான் செத்துச்சு. ஜன்னலு இன்னும் அங்கதானே கீது?" என்றார். வீடு இப்போது அக்காவின் தம்பி மகளுக்கு. கொருக்குப்பேட்டையிலிருந்து வந்து புது மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வியாழக்கிழமை விசாரணை. தேசம்மா வருகிறார். நானும் போகிறேன். இந்த முறை பேசுவேன்.

அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அவருடைய துணிச்சல் எனக்கு வராது. அந்த நாக்கும் வராது. அவருடைய கோபத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். இருக்கும் வீட்டிலேயே மூச்சு விட்டு வாழ வேண்டும் என்று கேட்கிற கோபம். அதை அடக்கம் செய்ய நான் சம்மதிக்கவில்லை.

அவருடைய ஆன்மா சாந்தியடையட்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இன்னும் மூன்று ஜன்னல்கள் இருக்கின்றன.