பேட்டரிக்கு வைத்த பொட்டு

சங்கரன்கோவில் கழுகுமலை ரோட்டில் பட்டறை போட்டிருக்கும் மருதப்பனுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம். சாவியைத் திருப்பும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். ஆயுத பூஜைக்கு வரும் கார்களுக்கெல்லாம் அவனே சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பான். பேட்டரி முனைக்கும் உண்டு. வேண்டாமென்று சொன்ன எலக்ட்ரீசியனை, "போவே, சாமி காரியத்துல ஒனக்கென்ன?" என்று விரட்டியிருக்கிறான்.

பூஜைக்கு வருஷந்தவறாமல் அவனிடம் கார் கொண்டுவரும் பாண்டியராஜன் இறந்த பதினேழாம் நாள், அவர் மனைவி கனகலட்சுமி அவனை வீட்டுக்குக் கூப்பிட்டாள். நெஞ்சுவலி வந்த காலையில் கார் கிளம்பவில்லை. ஆட்டோ பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அன்னைக்கு ஏன் ஸ்டார்ட் ஆவல? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டர் வைத்துப் பார்த்தான். பேட்டரியில் சார்ஜ் இருந்தது. முனையில் மாட்டியிருந்த கிளாம்பைக் கழற்றினான். அவன் குழைவாக வைத்த சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, பச்சை பூத்து, கரண்ட் போகும் வழியை அடைத்திருந்தது.

சுரண்டித் துடைத்து, கிளாம்பைத் திரும்ப மாட்டி முடுக்கினான். ஒரே திருப்பில் வண்டி உறுமியது.

கனகலட்சுமி வாசலிலிருந்து ஓடி வந்தாள். "இவ்வளவுதானா? என்ன அண்ணாச்சி இருந்துச்சு?"

"அழுக்கும்மா." அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"அழுக்கா? அவுக வாரந்தவறாம பானட்டத் தெறந்து தொடைப்பாகளே! நீங்க வச்ச பொட்டுல மட்டும் கை படாமப் பாத்துக்கிடுவாக."