கறி நாள் பத்தியம்

வில்லாபுரம் வெள்ளைத்துரை கறி சமைத்தால் பந்தியில் இலையை மூட மனசு வராது. கிடாவெட்டு, காதுகுத்து என்று மதுரைக்கு மேற்கே எந்த ஊரில் அண்டா ஏறினாலும் கரண்டி அவர் கையில்தான். அப்படிப்பட்டவருக்கு ஐம்பது தாண்டியதும் நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பியது. டாக்டர் ரூபினா குயினிடின் மாத்திரை எழுதிக்கொடுத்து, "வேளை தவறாமச் சாப்பிடணும்" என்றார்.

மருந்துக்கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "இது மலேரியாக் காய்ச்சலுக்கும் குடுத்த மருந்துதான் அண்ணே" என்று தன் படிப்பைக் காட்டினார். அவ்வளவுதான், வெள்ளைத்துரைக்குச் சகலமும் விளங்கிவிட்டது. காய்ச்சல் மருந்தென்றால் பத்தியம் உண்டு. பத்தியமென்றால் கறி ஆகாது.

இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றானபோது அவர் மருந்தை விட்டார். தொழில் அப்படி. உப்புப் பார்க்க ஒரு துண்டு நாக்கில் பட்டாலும் அன்றைக்கு மாத்திரை கிடையாது. அந்தக் கண்டிப்பை மலைக்கு மாலை போட்டவர்களிடம்கூடப் பார்க்க முடியாது. விட்டுப்போனதைக் கறி தொடாத வெள்ளிக்கிழமை ஈடுகட்டினார். மனைவி செல்லத்தாய் குளித்து, சாமி கும்பிட்டு, பாக்கி மாத்திரைகளையும் சேர்த்து அவர் உள்ளங்கையில் வைப்பாள்.

மறுமுறை போனபோது டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

"பத்தியம் ஒருநாள் தப்புனதில்ல டாக்டர்."

இப்படியும் ஒரு நோயாளியா என்று டாக்டருக்குச் சந்தோஷம். மருந்துதான் போதவில்லை என்று அளவைக் கூட்டினார்.

ஆடி பிறந்தது. கிடாவெட்டுக்கு மேல் கிடாவெட்டு. வெள்ளிக்கிழமை வந்தால் வயிறு போனது, காதுக்குள் வண்டு இரைந்தது, கண் மங்கியது. மருந்து வேலை செய்கிறது என்று வெள்ளைத்துரை பொறுத்துக்கொண்டார். கடைசி வெள்ளி சாயங்காலம் வாசலிலேயே சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்து உட்கார்ந்ததும், செல்லத்தாய் தெம்புக்கு ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கவும் டாக்டர் வரவும் சரியாக இருந்தது. கூடவே நர்ஸ் மாத்திரையை நீட்டினாள். வெள்ளைத்துரை தலையை ஆட்டி மறுத்தார்.

"சூப்புக் குடிச்சுட்டேன்மா. நாளைக்குச் சேத்துப் போட்டுக்கிறேன்."

"சேத்தா?" என்றார் டாக்டர்.

"கறி தின்ன அன்னைக்குத் தொடவே மாட்டாரு டாக்டர்" என்றாள் செல்லத்தாய் பெருமையாக. "விட்டுப்போனது அம்புட்டையும் வெள்ளிக்கிழமை நாந்தான் எடுத்துக் குடுப்பேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அளவைக் கூட்டி எழுதியது அவர் கைதானே.

"கறிக்கும் இதுக்கும் ஒரு பகையும் இல்லம்மா. தெனமும் போடணும். ஒரு வேளை விட்டா விட்டதுதான். அடுத்த வேளைக்கு வழக்கம்போல ஒண்ணு. சேத்துப் போட்டா இதே மருந்து நெஞ்சை நிறுத்திரும்."

செல்லத்தாய் வெள்ளிதோறும் மாத்திரை எடுத்துக் கொடுத்த தன் கையையே பார்த்தாள். உயிர் பிழைத்த சந்தோஷமெல்லாம் போய், வெள்ளைத்துரைக்கு அவள்மேல் பரிதாபம் பொங்கியது. நர்ஸிடமிருந்து மாத்திரையை வாங்கி அவளிடம் நீட்டினார்.

"ஒண்ணுதான புள்ள. எப்பவும்போல நீயே குடு."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.