யாரும் கேட்கலாம்

ஜெப்ஸிக்குச் சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் கௌரவ விரிவுரையாளர் வேலை; கூடவே உப்பளப் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார அவளுக்கு வழியில்லை. முத்தையாபுரத்து வாடகை வீட்டில், மத்தியானம் பிள்ளை தூங்கும் நேரத்தில், மடிக்கணினியைத் திறந்துதான் ஆய்வை நகர்த்தினாள். பழைய மாவட்டக் கையேடு, மக்கள்தொகைக் கணக்கு, தொழிலாளர் கணக்கெடுப்பு, இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்கள் என்று எது எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி.

"லைப்ரரில இல்லன்னு கையக் கட்டிட்டு உக்காராதீங்கம்மா. தேடத் தெரிஞ்சா எல்லாம் உங்க போன்லயே இருக்கு" என்று மாணவிகளிடம் சொல்லுவாள்.

முகம் தெரியாத யார் யாரோ உழைத்துச் சேர்த்துவைத்ததை இப்படி அள்ளி அள்ளி எடுத்தவளுக்கு, தானும் ஏதாவது சேர்க்கவேண்டும் என்று இருந்தது. அந்தக் கணக்கெடுப்புகளில் உப்பளத்துப் பெண்கள் எண்ணிக்கையாக மட்டும் இருந்தார்கள். அவர்கள் பேசுவதைப் பதிவுசெய்து, வாய்மொழி வரலாறுகளைச் சேமிக்கும் இணையக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்பத் தொடங்கினாள். ஆள் பெயரையும் அளத்தின் பெயரையும் வெட்டி எடுத்துவிடுவாள். யார் கேட்கலாம் என்று காப்பகம் கேட்கும். ஆய்வாளர்கள் மட்டும் கேட்கலாம் என்றும் வைக்கலாம், யாரும் கேட்கலாம் என்றும் வைக்கலாம். ஜெப்ஸி, பேசியவர்களிடம் விசாரிக்காமல், எல்லாவற்றையும் யாரும் கேட்கும்படியே வைத்தாள்.

அவற்றில் ஒன்று உமாராணி பேசியது. கரகரத்த குரல். வாக்கியத்துக்கு ஒரு தரம் "கேட்டியளா" என்பாள். அளத்தில் வேலை வாங்கும் கங்காணி பிச்சையா பெண்களிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை அவள் அழாமல், குரல் உயர்த்தாமல் சொல்லியிருந்தாள்.

"இதையும் போடலாமாக்கா?" என்று ஜெப்ஸி கேட்டாள்.

"போடுங்க டீச்சர். என் பேச்சை எவன் தேடிக் கேக்கப் போறான்?" என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் உமாராணி.

ஒரு நாள், அதே அளத்தில் வேலைபார்க்கும் பிரேமா போனில் கூப்பிட்டாள். "டீச்சர், உமாராணி பேசினது எல்லார் போன்லயும் ஓடிக்கிட்டுக் கிடக்கு. பிச்சையா அவள வேலைக்கு வரக் கூடாதுன்னுட்டான்."

யாரோ அந்தப் பதிவிலிருந்து கொஞ்சத்தை வெட்டி, உப்பளப் படங்களைச் சேர்த்து வீடியோவாக்கி விட்டிருந்தார்கள். செய்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருக்க வேண்டும். மேலே 'நீதி வேண்டும்' என்று எழுதியிருந்தது. ஜெப்ஸி பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு உமாராணி வீட்டுக்குப் போனாள்.

உமாராணி அவளை உட்காரச் சொல்லவில்லை. "பேரு வராதுன்னியளே டீச்சர்."

"பேரு வரலக்கா..."

"குரல் வந்துட்டுல்லா. இங்கன எவளுக்குத் தெரியாது இது நான்னு? பக்கத்து அளத்துலயும் வேலை இல்லன்னுட்டாவ. வீட்டுக்காரரு மூஞ்சி குடுத்துப் பேச மாட்டங்காரு."

அன்றைக்கே ஜெப்ஸி காப்பகத்துக்கு எழுதி, பதிவை எடுக்கச் சொன்னாள். அவர்கள் தாமதிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். வீடியோதான் போகவில்லை. ஓரிடத்தில் புகார்செய்து நீக்கினால் வேறோரிடத்தில் முளைத்தது. அவளுடைய ஆய்வு நெறியாளர் ராஜதுரை, "கையெழுத்து வாங்கியிருக்கீங்கல்லா? உங்க மேல ஒண்ணும் வராது. தீசிஸ முடிக்கப் பாருங்க" என்றார். தன் மேல் ஒன்றும் வராது என்பதுதான் ஜெப்ஸியை மேலும் குன்றவைத்தது.

பதிவை எடுத்த விஷயம் அளம்வரை போயிற்று. அடுத்து உமாராணியே போன் செய்தாள். குரலில் அத்தனை கோபம்.

"யாரக் கேட்டு எடுத்திய? பொய்யின்னு தெரிஞ்சுதான் டீச்சரே அழிச்சிட்டாவன்னு பிச்சையா ஊரெல்லாம் சொல்லுதான். வேலையும் போச்சு, இப்ப நான் பொய்க்காரியும் ஆயிட்டேன், கேட்டியளா. போடுறதும் நீங்க, எடுக்குறதும் நீங்க. நடுவுல நான் யாரு?"

ஜெப்ஸி நல்லது செய்வதாக நினைத்து இரண்டாம் தடவையும் அவளைக் கேட்காமலே செய்திருந்தாள். "இப்ப நான் என்ன செய்யட்டும்க்கா? நீங்க சொல்லுங்க" என்றாள்.

"நான் பேசினது முழுசா உங்கள்ட்ட இருக்கா?"

"இருக்கு."

"அப்பம் கலெக்டர் ஆபீசுக்கு என்கூட வாங்க."

இருவரும் போய்ப் புகார் கொடுத்தார்கள். வெட்டாத பதிவை ஜெப்ஸி ஒப்படைத்தாள். விசாரணைக்குக் கூப்பிட்டபோதும் கூட நின்று சாட்சி சொன்னாள். சாட்சிக்கு வருவதாகச் சொன்ன அளத்துப் பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. விசாரணை இழுத்துக்கொண்டே போயிற்று. அதற்குள் அளத்து முதலாளி பிச்சையாவைத் தன்னுடைய இன்னொரு அளத்துக்கு மாற்றி, விஷயம் முடிந்தது என்றார். உமாராணியைத் திரும்பக் கூப்பிடவில்லை. அவள் கருவாட்டுக் கொட்டகை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

காப்பகத்தில் அந்தப் பதிவை என்ன செய்வது என்று இந்தத் தடவை ஜெப்ஸி அவளிடமே கேட்டாள். உமாராணி மீன் வாடையடிக்கும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன மவளுக்குக் கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் பூட்டி வைங்க. பொறவு நானே சொல்லுதேன்."

ஜெப்ஸி அப்படியே காப்பகத்துக்கு எழுதினாள். மற்றப் பதிவுகள் எல்லாவற்றையும் தற்காலிகமாக மூடச் சொல்லிவிட்டு, பேசிய ஒவ்வொரு பெண்ணையும் தேடிப் போய் அவரவர் குரலைப் போட்டுக் காட்டத் தொடங்கினாள். இதனால் ஆய்வேடு தள்ளிப்போயிற்று. ராஜதுரை பேச்சைக் குறைத்துக்கொண்டார். சில வீடுகளில் அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்கள். ஒருத்தி, அப்படியே இருக்கட்டும் என்றாள். பிரேமா தன் குரலை முழுதாகக் கேட்டாள். தன் தம்பியைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இந்த இடத்த எடுத்துருங்க டீச்சர்" என்றாள்.

எடுக்கவேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு ஜெப்ஸி அடுத்த வீட்டைப் பார்க்க நடந்தாள். அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.