நான் ஆற்றில் எறிந்த மருந்துப் பெட்டி

மாரியம்மன் தாயை நம்பி வாழும் எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவள் செய்ததைச் சொல்லாமல் மறைப்பது இன்னும் பெரிய பாவம். அதனால் தலைகுனிந்துதான் சொல்கிறேன்.

என் பெயர் கோமதி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஊர் மாரியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு முதல் பாட்டு நான்தான் எடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன ஆடியில் மழை விடவே இல்லை. அணையையும் திறந்துவிட, புழை என்று நாங்கள் சொல்லும் ஆறு தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஓடியது. அக்கரையில் ஒரு சிற்றூர். கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். அரிசி தீர்ந்துவிட்டது என்று அங்கிருந்து போன் வந்தது. எங்கள் பஜனைக் குழு அரிசி, பருப்பு, போர்வை எல்லாம் சேர்த்தது. அணையில் மீன் பிடிக்கும் ராசு தன் மோட்டார் படகைக் கொண்டு வந்தார். ராசு, எங்கள் ஊர் வாத்தியார் செந்தில், நான். மூன்று பேரும் கிளம்பினோம்.

அப்போதுதான் ஹெல்த் சென்டர் நர்ஸ் ஓடி வந்தார். கையில் டேப் சுற்றிய சின்ன தெர்மாகோல் பெட்டி. உள்ளே பனிக்கட்டிப் பைகளும் இன்சுலினும்.

"அக்கா, அங்க இந்துன்னு ஒரு பிள்ளை இருக்கு. சின்ன வயசுலயே சர்க்கரை வியாதி. மருந்து தீர்ந்துபோச்சு. இதைக் கீழ வெக்காதீங்க, மடியிலயே வெச்சுக்குங்க."

"என் உசிரு போனாலும் இது போகாதுங்க" என்றேன். கரையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

நடு ஆற்றில் காற்று மாறியது. மழை முகத்தில் அறைந்தது. மேலிருந்து அடித்து வந்த ஒரு தென்னை மரம் படகின் பக்கவாட்டில் மோதியது. படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. "ஆரும் எந்திரிக்காதீங்க! தண்ணிய எறைங்க!" என்று ராசு கத்தினார். செந்தில் பக்கெட்டால் இறைத்தார்.

எனக்கு இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. மடியில் இருந்ததைத் தூக்கி எறிந்தேன். யோசிக்கவில்லை. 'தாயே, என்னைக் காப்பாத்து' என்று மட்டும் கத்தினேன். என்னை மட்டும்.

படகு நிமிர்ந்தது.

"அக்கா, பெட்டி எங்கீங்க?" என்று செந்தில் கேட்டார்.

"பாரம் கொறையட்டும்னு போட்டேன்."

ராசு திரும்பிப் பார்த்தார். "அதுல என்னங்க பாரம் இருந்துச்சு?"

அரிசி மூட்டைகள் எல்லாம் படகிலேயே இருந்தன.

அக்கரையில் எங்களைக் கண்டதும் ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தாள். இந்துவின் அம்மா பொன்னி. "ஏனுங்கக்கா, எம்புள்ளைக்கு மருந்து வந்துருச்சுங்களா?"

"ஆத்துல உழுந்துருச்சு" என்றேன். அந்தப் பொய் என் வாயிலேயே கசந்தது. "இல்லீங்க. உழுகல. பயத்துல நாந்தான் எறிஞ்சுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். இந்து பாயில் கிடந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயசு. கண் குழிவிழுந்து, வாந்தி எடுத்து ஓய்ந்து, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ராசு உடனே திரும்பிப்போய் வேறு மருந்து வாங்கிவரப் பார்த்தார். மரம் இடித்ததில் அடிபட்ட மோட்டார், கரை சேர்ந்ததோடு நின்றுவிட்டது.

யார் முகத்தையும் பார்க்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் மழையில் போய் நின்றேன். வழக்கமாகப் பாடும் பாட்டு ஒன்றுகூட வாயில் வரவில்லை. "தாயே, என்னை மன்னிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் மருந்து குடு" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. அழுதுகொண்டே அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெர்மாகோல் மிதக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராசுவுக்குத் தோன்றியிருக்கிறது. நான் அழுதுகொண்டிருந்தபோது அவரும் பொன்னியின் கணவர் மருதனும் ஊர்க்காரர்கள் சிலரும் கயிறு எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையோடு கீழே போய்விட்டார்கள். அந்த வெள்ளத்தில் ஒரு சின்னப் பெட்டியை எங்கே தேடுவது? நேராக அடித்துப் போயிருந்தால் பாரதப்புழையில் சேர்ந்திருக்கும்.

ஆறு திரும்பும் இடத்தில், நாங்கள் கிளம்பிய கரையில் இல்லை, இந்துவின் ஊர் இருக்கும் கரையிலேயே, சாய்ந்து கிடந்த மூங்கில் புதரில் அது சிக்கிக்கொண்டிருந்தது. மருதன் இடுப்பில் கயிறு கட்டிக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி எடுத்திருக்கிறார்.

"கெடச்சிருச்சு! பொன்னி, கெடச்சிருச்சு!" அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

டேப் பிரியவில்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பனிக்கட்டிப் பைகள் சில்லென்று இருந்தன. நர்ஸைப் போனில் பிடித்துக் கேட்டோம். அளவு சொன்னார். பொன்னி ஊசி போட்டாள். இருட்டுவதற்குள் பிள்ளையின் மூச்சு தணிந்தது. "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பொன்னி, நாங்கள் கொண்டுபோன அரிசியில் கஞ்சி காய்ச்சி எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள். வாங்கக் கை கூசியது.

காலையில் காற்று அடங்கியது. ராசு மோட்டாரைச் சரிசெய்திருந்தார். இந்துவை ஆஸ்பத்திரியில் சேர்க்க எங்கள் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். படகில் ஏறியதும் பொன்னியிடம் கேட்டேன். "பாப்பாவ எம்மடியில வெச்சுக்கட்டுங்களா?"

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

நடு ஆற்றில் படகு ஆடியது. பயம் போகவில்லை. என் கை விளிம்பைத் தேடத்தான் செய்தது. ஆனால் பிள்ளையைச் சுற்றியே இறுகிக்கொண்டது. இந்து இப்போது நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஜனையில், வெள்ளத்தில் உதவப் போனதற்காக எனக்குச் சால்வை போட வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். "நீங்க எறிஞ்சதும் அந்தத் தாயோட சித்தந்தானுங்க" என்று ஒருவர் சமாதானம் சொன்னார். நான் அதை ஏற்கமாட்டேன். எறிந்தது நான். எடுத்துக் கொடுத்தது அவள். இரண்டையும் கலக்கக் கூடாது.

இப்போது பஜனையில் பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுக்கும் பாட்டைச் சேர்ந்து பாடுகிறேன். உயிரைக் கொடுப்பேன் என்றெல்லாம் வாய்விடுவதில்லை. மழைக்காலத்தில் ராசுவின் படகில் ஆள் வேண்டுமென்றால் போகிறேன். தண்ணீர் இறைக்கப் பழகியிருக்கிறேன்.

தப்பு செய்துவிட்டோமே, எந்த முகத்தோடு கோவிலுக்குப் போவது என்று யாராவது ஒதுங்கி நின்றால் அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். முகம் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வெட்கத்தோடேயே போய்த் தாயிடம் கேளுங்கள். எனக்கே இரங்கியவள், உங்களுக்கு இரங்கமாட்டாளா?