நாற்பதைத் தாண்டாத பஸ்

பொய் சொல்லி ஒரு டிரைவரின் வேலையைப் பறித்தவன் நான். வாராவாரம் உங்களிடம் என்னென்னவோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

போன வாரம் ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மேற்கே மலைமேல் மேகம் படுத்துக் கிடந்தது. சில்லென்று எதிர்காற்று... பஸ் ஒரே வேகத்தில், மிதப்பது போலப் போனது. இன்ஜினின் உந்தலும் எதிர்க்கும் தடையும் சமமாகிவிட்டால் அப்படித்தான் — வேகம் ஏறாது, இறங்காது. கண் சொக்கியது. அந்தச் சொக்கலில் முத்தையா வந்தார்.

முப்பது வருடத்துக்கு முன் நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் இன்ஜினீயர். அவர் டிரைவர். ஒருநாள் காலையில் அவர் வண்டிக்கு பிரேக்கை இறுக்கினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

அன்று ராஜபாளையத்திலிருந்து கிளம்பிய பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஐந்து நிமிடம் லேட். தனியார் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் என்றால் சும்மாவா? திரும்பும் ட்ரிப்பில் போட்டி பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது.

"ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சும் நாப்பதத் தாண்டல சார். வண்டி பிடிச்சுக்கிட்டே வருது" என்றார் முத்தையா.

பின்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன். அனல்! புரிந்துவிட்டது: நான் இறுக்கிய பிரேக் சக்கரத்தை விடாமல் உரசியிருக்கிறது. தடையை வேகத்தால் பெருக்கினால் இன்ஜினின் சக்தி. சக்தி மாறாமல் தடை ஒன்றரை மடங்கானால், அறுபதில் ஓடும் வண்டி நாற்பதில்தான் ஓடும்.

"கோளாறு வண்டிலயா, ஆளுலயா?" என்றார் முதலாளி.

"ஆள்லதான்" என்றேன். அன்றைக்கே முத்தையாவின் வேலை போனது.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும், வந்த வேலையை மறந்து, கூமாப்பட்டி பஸ்ஸில் ஏறினேன். முத்தையாவின் ஊர் அதுதான். ஏன் ஏறினேன்? தெரியவில்லை... கால் தானாகப் போனது.

"யாரு, சாரா? வழி தப்பி வந்துட்டியளா?" என்று சிரித்தார் முத்தையா.

அவர் மனைவி செல்லம்மாள் நாற்காலி போட்டார். "கட்டவண்டி மாதிரி பஸ் ஓட்டி வேலைய விட்ட மனுசனத் தேடி வந்திருக்கியளே!" முப்பது வருடமாக வீட்டில் அதே கேலியாம்.

"இல்லம்மா. பிரேக்கைச் சரியாப் பார்க்காம அனுப்பினது நான். இவர் முழுசாத்தான் மிதிச்சார். முதலாளிகிட்ட நான் பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க முத்தையா."

செல்லம்மாள் கணவரைப் பார்த்தார். "நீங்க அன்னைக்கே சொன்னிய. படிச்ச மனுசன் பொய்யா சொல்லுவாருன்னு நாந்தான்..."

முத்தையா மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செத்த நேரம் கழித்துக் காபி வந்தது. முதல் டம்ளரைக் கணவர் கையில் கொடுத்தார் செல்லம்மாள். விருந்தாளி எனக்கு இரண்டாவது.

வரிசை சரிதான்.