பக்கத்தில் உட்காரப் பயிற்சி

இன்று கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா போனில் ஒரு வீடியோ காட்டினார். ஏதோ ஊரில், புற்றுநோய் வார்டில், ஒரு குழந்தையின் மடியில் நாய் தலைவைத்துப் படுத்திருந்தது.

"இன்னா பாசம் பாரும்மா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் மகளும் எட்டிப் பார்த்தாள். அவள் தலையிலிருந்த தொப்பி நழுவியது.

"கொழந்தைக்கு முடி இன்னாச்சு?"

"அதே நோய்தாங்க. வைத்தியம் பாத்துக்கினு இருக்கோம்."

"ஒட்டிக்காதில்ல?"

"ஒட்டாதுங்க."

"அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்மா" என்று எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். இறங்கியது எங்களோடு, கடைசி ஸ்டாப்பில்.

தங்கமான மனசு. காலியான சீட்டில் மகள் காலை நீட்டிப் படுத்தபடி வந்தாள்.

அந்த நாய்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் குழந்தைகள் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களாம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்தப் பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.